மூக்கு நுனியில் ஒரு மழை

உப்புத் தண்ணீரில் தோய்த்த லிங்கத்துரை அண்ணாச்சியின் ஆள்காட்டி விரல் சேர்மத்துரையின் நெற்றிக்கு ஒரு நகத்தளவு தூரத்தில் வந்து நின்றபோது, அதைக் கடித்துவிட்டால் என்ன என்று அவன் நிஜமாகவே யோசித்தான்.

"கைய எடுங்க அண்ணாச்சி."

"ஒரே ஒரு சொட்டு லே. நெத்தியில இருக்கதுக்கு மட்டும். நாளைக்கு லோடு ஏத்தணும்லா."

"எடுங்கன்னு சொல்லுதேன்லா. நாளைக்கு நான் தூத்துக்குடிக்குத் தோல் டாக்டரப் பாக்கப் போறேன். அதுவரைக்கும் மூஞ்சியில எதுவும் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் ஒரு நொடி நின்றுவிட்டு அப்புறம்தான் கிளாசுக்குள் விழுந்தது. யாரோ பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். லிங்கத்துரை அண்ணாச்சி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாவு விழுந்த வீட்டில் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரப் பாத்து என்ன லே செய்யப் போற?"

"சரி பண்ணப் போறேன்."

"மழையையா?"

பாத்திவிளையில் அது ஒன்றும் கிறுக்குத்தனமான கேள்வி இல்லை, ஏனென்றால் இரண்டு வருஷமாக அந்த ஊருக்கு மழை வருகிற செய்தி சேர்மத்துரையின் பருக்களில்தான் வந்துகொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் முதல் முதலாக நெற்றியில் வரிசையாக அவனுக்குப் பரு கிளம்பியது, மறுநாள் கடலோரத்து உப்புப் பாத்திகளில் மட்டும் வரிசையாக மழை கொட்டி, விளைந்து கிடந்த உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பிப் போனது, அதைக் கண்டுபிடித்தவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் இதே லிங்கத்துரை அண்ணாச்சி, கண்டுபிடித்தவர் ஆச்சரியப்படவில்லை, கேட்டவர்களும் ஆச்சரியப்படவில்லை, "அப்படியா, இனி அவனப் பாத்துட்டு வேலைக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு அவரவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். ஏன் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. கடல் தண்ணீர் வெயிலில் கிடந்து கல்லாக மாறுவதைத் தினமும் பார்க்கிறவர்கள் எதைத்தான் ஏன் என்று கேட்பார்கள்?

டீக்கடை வாசலில் அவனுக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். விடிந்ததும் அவன் கிழக்கே பார்த்து அதில் உட்கார வேண்டும், அளத்துக்குப் போகிற ஆணும் பெண்ணும் ஒவ்வொருவராக வந்து, நெற்றியில் கையை வைத்துக் கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டு, முன்பு வானத்தைப் பார்த்தது போலவே அவன் முகத்தைப் பார்ப்பார்கள். நெற்றி என்றால் கடலோரப் பாத்தி. வலது கன்னம் என்றால் ரோட்டோர அளம். இடது கன்னம் என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் பருத்தி போடுகிற பருத்திகுளம். வெறும் சிவப்பாக இருந்தால் தூறல், வெள்ளை முனை கட்டியிருந்தால் பெருமழை, உள்ளேயே புதைந்துகிடந்து விண்ணு விண்ணென்று வலிக்கிற கட்டி என்றால் இடி மட்டும், மழை கிடையாது. அவனைப் பார்த்துவிட்டுத்தான் வடகம் பிழிந்தார்கள், அவனைப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணப் பந்தலுக்குத் தகரமா துணியா என்று முடிவு செய்தார்கள், லாரிக்காரர்கள் வீடியோ காலில் கூப்பிட்டு "தம்பி, இந்தப் பக்கமா திரும்பு, இன்னும் கொஞ்சம், ஆங், வலது கன்னத்தக் காட்டு" என்றார்கள், டிவியில் வானிலை சொன்னால் "இவனுக்கு என்ன தெரியும்" என்று சேனலை மாற்றினார்கள், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவனை ஹெட்மாஸ்டர் முதல் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார், பாசத்தில் இல்லை, ஸ்போர்ட்ஸ் டே வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். சேர்மத்துரைக்கு ராத்திரி எந்தப் பக்கமும் திரும்பிப் படுக்க முடியாது. காலையில் தலையணை உறை கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், பிய்த்தால் ரத்தமும் சீழும் வரும். மீசை முளைத்தும் ஷேவ் பண்ண முடியாது. வீட்டுக் கண்ணாடியை அவனே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஒரு வருஷம் ஆகிறது. அவன் முகம் எப்படி இருக்கிறது என்று ஊரில் தெரியாத ஒரே ஆள் அவன்தான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். ஆனால் உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. உப்பு பட்டால் எதுவும் வற்றும் என்பது அவர்களுக்கு அம்மா பால் கொடுக்கும்போதே ஏறிய அறிவு. பரு வந்தால் மழை வருகிறது, அப்படியானால் பருவை வற்றவைத்தால் மழையும் வற்றிப்போகும் என்று அவர்கள் ஒரு நாள் பேசி முடித்தார்கள், அன்றிலிருந்து பாத்தியில் வெயிலில் முறுகி உப்பேறிக் கிடக்கும் தண்ணீரை எனாமல் கப்பில் எடுத்துவந்து அவன் பருக்களில் தொட்டுத் தொட்டு வைத்தார்கள், எரிச்சலில் அவன் நாற்காலியோடு துள்ளினான், மழை வராவிட்டால் "பாத்தியா, கேட்டுச்சு" என்றார்கள், வந்துவிட்டால் "சொட்டு காணாது" என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் வைத்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கோடைமழை ஒன்று விழுந்தால்தான் பருத்தி பிழைக்கும் என்கிற பருத்திகுளத்துக்காரர்கள், பரு வந்தால்தானே மழை வரும் என்று பஜ்ஜியும் காரச் சீவலும் நெய் சொட்டும் அல்வாவும் பொட்டலம் கட்டி அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கன்னத்தை ஒரு ஊர் காயப்போட்டது, மறு கன்னத்தை மறு ஊர் உரம் போட்டு வளர்த்தது.

போன வாரம் அவனே போன் போட்டு டாக்டரிடம் நேரம் கேட்டான். எடுத்தது ஒரு அக்கா.

"என்ன பிரச்சினை?"

"பரு."

"எப்பல்லாம் அதிகமா வருது?"

"மழைக்கு முன்னாடி."

"எதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமில்லக்கா. எப்பவும்தான் வருது."

அந்த அக்கா சிரிக்கவில்லை, அதுவே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. "இன்னையிலேர்ந்து மூஞ்சியில எதையும் போடாதீங்க. வெறும் தண்ணி மட்டும். பவுடர் வேண்டாம், கிள்ளாதீங்க. வரும்போது எதையும் வச்சு மறைக்காம, முகம் எப்படி இருக்கோ அப்படியே வாங்க. இதுவரைக்கும் என்னென்ன போட்டிருக்கீங்களோ அத்தனையும் டாக்டர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லணும். இந்தத் தேதிய விட்டா அடுத்தது மூணு மாசம் ஆயிரும், பாத்துக்கோங்க."

வெறும் தண்ணீர் சுலபம். ஒன்று விடாமல் சொல்வதுதான் கஷ்டம், ஏனென்றால் அவனுக்குப் போட்டது அவன் இல்லையே, ஊர்தானே! அதனால் டீக்கடையில் அண்ணாச்சியின் விரலைத் தள்ளிவிட்ட அன்று சாயங்காலமே சேர்மத்துரை வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான்.

"என் மூஞ்சியில நீங்க என்ன போட்டீங்க? டாக்டர்கிட்ட சொல்லணும்."

முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நானா? நான் தொட்டதே கிடையாதே" என்றார்கள். அவன் வாசலை விட்டு நகரவில்லை. அப்புறம் ஒரு வீட்டில் சுண்ணாம்பு என்று வந்தது, ஒன்று வந்ததும் பின்னாலேயே எல்லாம் வந்தது, பல் பேஸ்ட், பூண்டுச் சாறு, எருக்கம்பால், கோயில் திருநீறு, மாதா கோயில் எண்ணெய், கருவாட்டுப் பானை கழுவிய தண்ணீர், ஒரு ஆள் லாரி பேட்டரியில் இருந்து ஒரு துளி, "ஒரு துளிதான் மக்கா, கை நடுங்கிட்டு, அதான் கொஞ்சம் பெருசா விழுந்துட்டு." அவன் இடது தாடையில் இருந்த பள்ளத்துக்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. சொல்லச் சொல்ல அவர்களுக்கும் என்னவோபோல் ஆனது, சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் மோர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நீதான் போட்டாய் நீதான் போட்டாய் என்று சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

ஓடையைத் தாண்டிப் பருத்திகுளத்துக்கும் போனான். அங்கே செல்லத்தாய் சித்தி களையெடுத்த கையோடு நின்று கூசாமல் சொன்னாள், "ஆமா, வேணும்னுதான் பழைய எண்ணெய்ல பஜ்ஜி சுட்டேன். புது எண்ணெய்ல வந்தா உனக்குச் சின்னதாத்தான் வருது."

"சித்தி, மனுசன்தானே நான்?"

செல்லத்தாய் சித்தி கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "மனுசன்தான். பருத்தியும் செடிதானய்யா. ரெண்டும் வாடுச்சு, எனக்கு ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு" என்றாள்.

கடைசியாக மிச்சமிருந்தது அவன் வீடுதான். அவன் அம்மா தங்கபுஷ்பம் அளத்தில் உப்பு வாருகிறவள், கால் பாதம் இரண்டும் வெடித்து வெள்ளையாக இருக்கும், வந்ததும் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். அப்படி உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, நீ என்ன போட்ட?"

"நான் ஒண்ணும் போடல எய்யா."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க."

"சத்தியமா போடல." தண்ணீருக்குள் விரல்களை மடக்கி நீட்டினாள். "ஆனா ரெண்டு வருசமா காலையில எந்திரிச்சதும் உன் மூஞ்சியத்தான் முதல்ல பாக்கேன். பாத்து, இன்னைக்கு வேல உண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்கிடுவேன். அவ்வளவு நேரமும் உன்ன ஒரு நாளாச்சும் பாத்தனான்னு கேட்டா, பாக்கல எய்யா. மழையத்தான் பாத்தேன். அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்னா சொல்லிரு."

சேர்மத்துரை செருப்பைக் கழற்றினான். உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினான். அவன் நினைத்ததை விட மோசமாக இருந்தது. ஆனால் அவன் நினைத்ததை விட அது அவன் முகமாகவும் இருந்தது, மூக்கு அப்பா மூக்கு, கண் அம்மா கண், மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் கைவேலை.

மறுநாள் காலையில் மூக்கு நுனியில் பரு வந்திருந்தது.

மூக்கில் அதுவரை வந்ததே இல்லை. பழுத்த கோவைப்பழம் போலச் சிவந்து, உச்சியில் வெள்ளைக் குண்டூசித் தலை வைத்து, தொடாமலேயே கண்ணில் தண்ணீர் வரவைத்துக்கொண்டு நின்றது. அவன் வெறும் தண்ணீரில் முகம் கழுவி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு வந்தான், பஸ் நிறுத்தமும் டீக்கடையும் ஒன்றுதான், அதனால் ஊரே அங்கே நின்றது. அன்றைக்குத்தான் லோடு. இந்த வெயில் காலம் முழுக்க வாரிய உப்பு அத்தனையும் அளத்து மேட்டில் மூடாமல் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது, லாரிகள் வந்துகொண்டிருந்தன, தார்ப்பாயைப் போட்டால் லோடு நிற்கும், போடாமல் மழை விழுந்தால் உப்பே நிற்காது.

"மூக்கு எந்த அளம் லே?" என்றார் லிங்கத்துரை அண்ணாச்சி.

"எனக்கு என்ன தெரியும்? பஸ் வந்துரும், வழி விடுங்க."

"மூக்கு நடுவுல இருக்கு, அப்ப கோயில் பக்கம்."

"நீ பேசாத. மூக்குதான் முன்னால நீட்டிட்டு இருக்கு, அப்ப கடலுக்குள்ளதான் பெய்யும், நமக்கு ஒண்ணுமில்ல."

"மூச்சு விடுறது மூக்கு, அப்ப காத்துதான். மழை கிடையாது. லோடு ஏத்து."

"வெள்ள கட்டியிருக்கு, கண்ணு தெரியலையா உனக்கு?"

அவர்கள் அவனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தர் பூதக்கண்ணாடி எடுத்துவர ஆள் அனுப்பினார், இன்னொருத்தர் மூக்கைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார், அண்ணாச்சி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் இரு ராசா, மூக்கப் படிச்சு முடிச்சிருவோம், டாக்டர் எங்க போயிரப் போறாரு" என்றார். ரோட்டுத் திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. மூன்று மாசம் என்று அந்த அக்கா சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. இன்னும் மூன்று மாசம் தலையணை உறையைப் பிய்க்க அவனால் முடியாது.

சேர்மத்துரை சட்டையை உதறிக்கொண்டு அந்தச் சிவப்பு நாற்காலியில் ஏறினான். உட்காரவில்லை, ஏறி நின்றான்.

"பாக்கணுமா? நல்லாப் பாருங்க."

ஊர் மொத்தமும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அவன் மூக்கைப் பார்க்கத் தலையைத் தூக்கியது.

"தெரியல லே, உசரமா இருக்கு."

"இன்னும் மேல பாருங்க."

தூக்கினார்கள்.

"இன்னும் மேல! என் தலைக்கு மேல! கழுத்து இருக்குல்லா ஒவ்வொருத்தருக்கும்? ரெண்டு வருசமா அதை என்ன செஞ்சீங்க?"

ஒரு கழுத்து நெட்டி முறிகிற சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக. இரண்டு வருஷமாகத் துரு ஏறியிருந்த கழுத்துகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவன் தலைக்குப் பின்னால் வானம் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்தது. கடலுக்கு மேலே, எருமைக் கூட்டம் எழுந்து நிற்பதுபோல, கறுகறுவென்று மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது.

முதலில் வாய் திறந்தது தங்கபுஷ்பம். அவள் மேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி, முகத்தைக் காற்றில் திருப்பினாள்.

"கொண்டல் திரும்பிட்டு" என்றாள். கிழக்குக் காற்றின் அந்தப் பெயரை ஊருக்குள் யாரும் சொல்லிக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. "ஈரம் இருக்கு காத்துல. இது ஒரு அளத்துக்கு வாரது இல்ல அண்ணாச்சி. எல்லாத்துக்கும்."

லிங்கத்துரை அண்ணாச்சி மூக்கை விடைத்து ஒரு தரம் மோந்து பார்த்தார், குழந்தை பால் வாசனையைக் கண்டதுபோல அவர் முகம் மாறியது. "ஆமா லே" என்றார், "ஆமா லே, எனக்குத் தெரியுது லே!" என்று கத்தினார், உடனே எல்லாருக்கும் தெரிந்தது, மண் வாசனை தெரிந்தது, கடல் சத்தம் மாறியது தெரிந்தது, எறும்பு மேடேறுவது தெரிந்தது, இரண்டு வருஷத்துக்கு முன் எங்கே வைத்தோம் என்று மறந்துபோன கண்ணும் காதும் மூக்கும் அவரவரிடமே திரும்பி வந்தன. "தார்ப்பாய்! தார்ப்பாய எடுங்கடா!" என்ற சத்தத்தில் டீ கிளாசுகள் உருண்டன, லாரி டிரைவர்களும் சேர்ந்து ஓடினார்கள், ஓடுகிற யாரும் அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவனுக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், நாற்காலியில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தான், சிரித்ததில் மூக்கு வலித்தது.

அம்மா மட்டும் நின்றாள். அவனைப் பார்த்தாள். பருவை இல்லை, அவனைத்தான் பார்த்தாள், அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

"சட்டை நல்லா இருக்கு எய்யா" என்றாள். "போயிட்டு வா." சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவளும் அளத்துப் பக்கம் ஓடினாள்.

பஸ் கிளம்பும்போது லிங்கத்துரை அண்ணாச்சி எங்கிருந்தோ திரும்ப ஓடிவந்து, ஜன்னல் வழியாகத் தன் தோள் துண்டை உள்ளே எறிந்தார்.

"மூஞ்சிய மூடிக்க லே! வழியில எவனாவது பாத்து நம்ம மழையப் படிச்சிரப் போறான்!"

"அதான் இனி நீங்களே படிப்பீங்களே!"

"படிப்போம் லே! இருந்தாலும் மூடிக்க!"

அவன் துண்டை மடித்து, குண்டும் குழியுமான ரோட்டுக்குத் தோதாக, சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். கடைசி சீட்டில் வேறு ஆள் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திகள் ஓடின, உப்புக் குவியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத் தார்ப்பாய்க்குள் போய்க்கொண்டிருந்தன, ஒரு குவியலின் உச்சியில் அம்மா நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே வானத்தைப் பார்த்தாள். கடைசித் தார்ப்பாயும் விரிந்து அடங்கியபோது மழை இறங்கியது. கடலோரத்தில், ரோட்டோரத்தில், ஓடை தாண்டிப் பருத்திக் காட்டில், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இறங்கியது, அதன் முதல் துளி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, குறி பார்த்து அடித்ததுபோல, அவன் மூக்கு நுனியில் விழுந்தது.

வெறும் தண்ணீர்தான். வெறும் தண்ணீர் போடலாம்.

"தம்பி, ஏய் தம்பி!" கண்டக்டர் முன்னாலிருந்து கத்தினார். "மழை வருதுலா, ஷட்டர இறக்கு!"

சேர்மத்துரை இறக்கவில்லை.